சேலத்துச் செம்மண்ணில் விதைப்பு

வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன அரண்மனைகளும் போர்க்களங்களுமே. சேலம், நாமக்கல் வட்டாரத்தின் வரலாற்றைச் சொல்லப் புகுந்தால், நாமக்கல் மலைக்கோட்டை, சங்ககிரி துருக்கம், திப்பு சுல்தானின் படைகள் என்றே பேச்சுத் தொடங்கும். அவற்றைப் பற்றிப் பேசுவோர் பலர் உளர். நான் எடுத்துக்கொண்ட பொருள் அதனினும் எளியது. அக்கோட்டைகளின் அடிவாரத்தில் விரிந்து கிடக்கும் மேட்டாங்காட்டில், ஒரு மழைக்கும் அது காய்வதற்கும் இடையே கிடைக்கும் இரண்டு மூன்று நாள்களுக்குள், ஒரு பிடிச் சோளத்தை மண்ணுக்குள் எவ்வாறு இறக்குவது? இக்கேள்விக்கு இவ்வட்டாரத்துக் குடியானவர்கள் பல தலைமுறைகளாக விடை தேடி வந்திருக்கின்றனர். அத்தேடலும் வரலாறுதான். அதில் வெற்றியும் உண்டு, பசியும் உண்டு, அதிகாரிகளின் கர்வமும் உண்டு.

மாணவ நண்பர்களே, முதலில் அந்த மண்ணை அறிந்துகொள்வோம். வடக்கே சேர்வராயன் மலை, கிழக்கே கொல்லிமலை, மேற்கிலும் தெற்கிலும் காவிரி. இவற்றுக்கு இடைப்பட்ட நிலத்தின் பெரும்பகுதி, கருங்கல் இனப் பாறைகள் பல காலம் வெயிலிலும் மழையிலும் சிதைந்து உண்டான செம்மண். காவிரியை ஒட்டிய மோகனூர், பரமத்திப் பகுதிகள் வாய்க்கால் பாசனத்தால் செழித்தவை. அவற்றை இங்கே விட்டுவிடுவோம். மற்ற இடங்களில் ஒரே ஊருக்குள் மண் நான்கு விதமாக மாறும். ஒரு காடு சரளை, அடுத்தது செவ்வல், பள்ளத்தில் ஒரு துண்டு கரிசல், ஓடையோரத்தில் வெண்மை பூத்த களர். தோண்டினால் சில இடங்களில் ஒரு முழ ஆழத்திலேயே சுக்கான்கல் குறுக்கிடும். இவ்வட்டாரத்தில் புன்செய் நிலத்தைக் ‘காடு’ என்றே சொல்வார்கள். மரம் அடர்ந்த காடு என்று வெளியூரார் மயங்குவதுண்டு.

இம்மண்களுள் விதைப்போனுக்கு மிகுந்த தொல்லை தருவது எது? கரிசல் என்றுதான் பலரும் எண்ணுவர். ஈரத்தில் காலைப் பிடிக்கும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதன் குறும்பு வெளிப்படையானது. செம்மண்ணின் குறும்போ மறைவானது. உழும்போது மெத்தென்று பொடிந்து கொடுக்கும். விதைத்த மறுநாள் ஒரு வேகமான மழை பெய்ததென்று வைத்துக்கொள்ளுங்கள். மழைத்துளி மோதிய வேகத்தில் மண்பொடி உடைந்து, நுண்ணிய களியும் மணலும் பிரிந்து, மேற்பரப்பின் துளைகளை அடைத்துவிடும். பிறகு இரண்டு நாள் வெயில் காய்ந்தால் போதும். அரை விரல் கனத்தில் ஓர் ஓடு கட்டிவிடும். அதன் கீழே விதை முளைத்திருக்கும். முளைக்கு மேலே வர வழியிராது. ஓட்டைப் பெயர்த்துப் பார்த்தால் வெளுத்த முளைகள் வளைந்து சுருண்டு கிடப்பதைக் காணலாம். இராசிபுரத்துக்கு அருகே முதிய குடியானவர் ஒருவர் அத்தகைய ஓட்டுத் துண்டை என் உள்ளங்கையில் வைத்து, “பாருங்க, தோசைக்கல்லாட்டம் ஆயிப்போச்சுங்க. விதை மேல குத்தமில்லீங்க, மழை மேலயும் குத்தமில்லீங்க” என்றார். யார்மேல் குற்றம் என்று அவர் சொல்லவில்லை. நிலத்தை எந்த அளவுக்குப் பொடியாக்கலாம் என்ற கேள்வியில்தான் அதற்கு விடை இருக்கிறது. அதைப் பின்னர்க் காண்போம்.

மண் இப்படி என்றால், மழை அதற்கு மேல். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இவ்வட்டாரத்தைத் தொடுகின்றன. இரண்டில் எதுவும் நிறைவாகப் பெய்வதில்லை. சித்திரை, வைகாசியில் இடியுடன் கோடை மழை வரும். அதை நம்பிச் சிலர் கம்பும் எள்ளும் விதைப்பர். ஆடி முதல் புரட்டாசி வரையில் சோளம், சாமை, கொள்ளு, ஆமணக்கு, நிலக்கடலை எனக் காட்டுப்பயிர்கள் நிலத்தில் இறங்கும். ஆடிப்பட்டத்தைத் தேடி விதைக்கவேண்டும் என்ற பழமொழியை நீங்கள் அறிவீர்கள். ‘தேடி’ என்ற சொல்லில்தான் பொருள் இருக்கிறது. பட்டம் தானாக வந்து நிற்பதில்லை, தேடிப் பிடிக்கவேண்டும். விதைப்பதம் செம்மண்ணில் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்தினால் உருண்டையாகவேண்டும். அவ்வுருண்டையைக் கீழே போட்டால் உதிரவேண்டும். உருண்டையாகாவிட்டால் பதம் கடந்தது. உதிராவிட்டால் பதம் வரவில்லை. ஆய்வுக்கூடம் தோன்றுவதற்கு முன்பே குடியானவர்கள் வைத்திருந்த ஆய்வு இது. இன்றும் இதைவிட எளிய முறை கிடையாது.

பழைய விதைப்பு முறை எப்படி இருந்தது? கோடை மழையில் முதல் உழவு. சித்திரையில் நல்லநாள் பார்த்து ஏர் பூட்டுவது ஊர் வழக்கம். அச்சடங்கின் உட்பொருள் கோடையுழவே. கோடையில் உழுத மண் வெயிலில் காயும். களைகளின் வேர் கருகும். அடுத்த மழை ஓடிவிடாமல் உள்ளே இறங்கும். உழுத புழுதியை நன்றாகக் காயவிட்டால் எருவும் வேண்டாம் என்னும் கருத்து திருக்குறளின் உழவு அதிகாரத்திலேயே வருகிறது. ஆகவே இது நம்மவர் அண்மையில் கண்ட செய்தி அன்று. பிறகு குப்பை எரு வண்டியில் வந்து சேரும். வசதியுள்ளவர்கள் இரவில் ஆட்டுப் பட்டி போடச் செய்வர். அடுத்தடுத்த மழைகளில் இரண்டு மூன்று உழவு. கடைசியில் விதையைக் கையால் வீசித் தெளித்து, அதன்மேல் இன்னொரு முறை உழுது மூடுவார்கள். பலகையோ, இலந்தை முள்ளோ, வேல முள்ளோ கட்டி இழுத்து நிரவுவார்கள். சோளத்தோடு மொச்சை, தட்டைப்பயறு, அவரை ஆகியவை கலந்து விழும். ஆமணக்கை மட்டும் இடம்விட்டுச் சாலில் போடுவர்.

கைவிதைப்பில் குறை உண்டு. மேலே கிடக்கும் விதை எறும்புக்கும் குருவிக்கும் போகும். ஆழத்தில் புதைந்தது மேலே வராது. இடையில் அகப்பட்டது மட்டுமே பயிராகும். அதனால் ஏக்கருக்கு வேண்டியதைவிட அதிகமாக விதை செலவாகும். விதை என்பது குதிரில் மிச்சம் இருந்த உணவு என்பதை நீங்கள் மறவாதீர்கள். பஞ்சம் நெருங்கிய ஆண்டில் ஒரு வள்ளம் விதையை மண்ணில் எறிவது ஒரு குடும்பத்தின் சில நாள் சோற்றை எறிவதற்கு ஒப்பாகும். அது முளைக்காவிட்டால் மறு விதைப்புக்கு விதை எங்கே? வட்டிக்குத் தானியம் தருபவர் வீட்டுத் திண்ணையில்தான்.

குறை இதோடு நிற்கவில்லை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாட்டுக் கலப்பையின் சால் ஏறத்தாழ அரை அடி அகலம். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அதை அரை அடிச் சாலாக உழுது முடிக்க ஏருக்குப் பின்னால் 87,120 அடி, அதாவது பதினாறரை மைல் நடக்கவேண்டும். கிலோமீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 26. ஒரு சோடி மாட்டுக்கு அது ஒரு நாள் வேலைக்கும் அதிகம். பதம் இரண்டு நாள்தான் நிற்கும் என்றால், ஒற்றை ஏர்க்காரன் அதற்குள் விதைத்து மூடக்கூடியது ஒன்றரை ஏக்கர்கூடத் தேறாது. ஐந்து ஏக்கர் காடு வைத்திருந்தவன் என்ன செய்வான்? மீதியைப் பதம் கடந்த மண்ணில் விதைப்பான். அல்லது அடுத்த மழைக்குக் காத்திருப்பான். அடுத்த மழை வரலாம், வராமலும் போகலாம்.

இக்கணக்கை வேறு வழியில் தீர்த்தவர்கள் நமக்கு அண்டை வீட்டார்களே. தெலுங்கு நாட்டில் ‘கொர்ரு’ என்றும், கன்னட நாட்டில் ‘கூரிகே’ என்றும் வழங்கும் விதைப்புக் கலப்பையைத்தான் சொல்கிறேன். ஒரு குறுக்குக் கட்டையில் மூன்றோ அதற்கு மேலோ பற்கள். ஒவ்வொரு பல்லின் பின்னாலும் ஒரு மூங்கில் குழாய். எல்லாக் குழாய்களும் மேலே ஒரு மரக்கிண்ணத்தில் வந்து சேரும். மாடு இழுத்துச் செல்ல, பின்னால் நடக்கும் பெண் அக்கிண்ணத்தில் தானியத்தை விரல்களால் சொரிந்துகொண்டே வருவாள். பல் கீறிய சாலில், ஈரம் உள்ள ஆழத்தில், ஒரே வரிசையில் விதை விழும். பின்னால் ஓர் அலகுக் கருவி வந்து மூடிச் செல்லும். ஓரடி இடைவெளியில் மூன்று பற்கள் என்றால் மூன்று அடி அகலம் ஒரே நடையில் முடிகிறது. ஏக்கருக்கு நடை இரண்டே முக்கால் மைல். பதம் நிற்கும் இரண்டு நாளில் ஐந்து ஏக்கர்க்காரன் தன் காட்டை முடித்துவிட்டு ஓய்வாக அமரலாம். கிண்ணத்தில் விதை சொரியும் அப்பெண்ணின் விரல் நிதானம்தான் இவ்வியந்திரத்தின் உயிர்நாடி. ஒரு குழாய்க்கு அதிகமாகவும் மற்றொன்றுக்குக் குறைவாகவும் போய்விட்டால், முளைத்த பின் ஊரெல்லாம் அதைப் பார்க்கும்.

விதைப்புக் கலப்பை உலகில் மிகப் பழையது. பாபிலோனியர் முத்திரைகளில் குழாய் பொருத்திய கலப்பையின் உருவம் காணப்படுகிறது. ஹான் பேரரசர் காலத்துச் சீனர்களும் பல கால் கொண்ட விதைப்புக் கலப்பையை அறிந்திருந்தனர். இங்கிலாந்தில் ஜெத்ரோ டல் என்பவர் 1701-ஆம் ஆண்டளவில் தம் விதைப்பு இயந்திரத்தை அமைத்தார். ஐரோப்பிய வேளாண்மை நூல்களில் அவர் பெயரே முதலில் நிற்கும். ஆனால் அந்நூற்றாண்டு முடிவதற்குள் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. தென்னிந்தியாவில் பணியாற்றிய கேப்டன் தாமஸ் ஹால்காட் என்ற ஆங்கிலேயர், விதைப்புக் கலப்பை ஐரோப்பாவின் புதுமை என்றே எண்ணியிருந்தவர், தெலுங்கு நாட்டில் ஒரு வயலோரமாகச் செல்கையில் குடியானவர்கள் அதைச் சர்வ சாதாரணமாக ஓட்டுவதைக் கண்டு வியந்தார். இலண்டனில் இருந்த வேளாண்மைக் கழகத்துக்கு அதைப் பற்றி எழுதினார். நம் நாட்டுக் கருவி மிக எளியது, விலையும் அற்பம், வேலையோ குறைவற்றது என்பது அவர் கருத்து. அவர் கடிதங்கள் 1797-இல் அச்சாயின. காந்தியடிகளின் வழியில் நின்ற ஆராய்ச்சியாளர் தரம்பால், 1971-இல் வெளியிட்ட நூலில் அவற்றை மீண்டும் எடுத்துத் தந்தார். 1800-இல் மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்த்த பிரான்சிஸ் புக்கானனும் கேழ்வரகு விதைக்கும் கூரிகேயை விரிவாக எழுதியிருக்கிறார்.

கூரிகே வழங்கிய மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில் நிற்பது ஓசூர். அவ்வூர் நெடுங்காலம் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அப்படியிருக்க, மலைச்சரிவில் இறங்கினால் வந்துவிடும் சேலம், நாமக்கல் சமவெளியில் ஏன் பெரும்பாலும் கைவிதைப்பே நின்றது? இக்கேள்வியை எண்ணும்போதெல்லாம் எளிய விடை சொல்லித் தப்பித்துக்கொள்ளும் ஆசை எனக்கும் வருகிறது. ‘குடியானவன் மாறமாட்டான்’ என்பதே அந்த எளிய விடை. ஆங்கிலேய அதிகாரிகள் பலர் அதைத்தான் எழுதிவைத்தனர். அதை நான் ஏற்பதில்லை. புகையிலையும் நிலக்கடலையும் மிளகாயும் கடல் கடந்து வந்தபோது இதே குடியானவன் அவற்றை வாங்கி விதைத்தான்.

காரணம் மண்ணிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. கொர்ருவின் பல் நேராக ஓட மண் ஒரே சீராக இருக்கவேண்டும். சரளை நிறைந்த காட்டில் பல் கல்லில் மோதித் துள்ளும், குழாய் பிளக்கும், வரிசை கோணும். பல்லாரி, கர்நூல் பக்கத்துக் கரிசல் வெளிகள் விரிந்து சமனாகக் கிடப்பவை. இங்கோ காடுகள் சிறியவை; வரப்பு நெருக்கம்; மரமும் கல்லும் இடையிடையே நிற்கும். மேலும் ஐந்து விதைகளைக் கலந்து விதைப்பவனுக்கு ஒற்றைக் கிண்ணம் போதாது. சோளமும் மொச்சையும் ஒரே துளையில் சீராக இறங்கா.

இன்னொரு காரணமும் உண்டு. இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். கொர்ரு விதையை ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே விடுகிறது. ஓடு கட்டும் செம்மண்ணில் தனி முளை தோற்றுவிடும். நாலைந்து முளைகள் ஒரே இடத்தில் சேர்ந்து முட்டினால் ஓட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். கைவிதைப்பில் நெருக்கமாக விழும் இடங்களில் இது இயல்பாகவே நடக்கிறது. நெருங்கியதைப் பிறகு என்ன செய்வது? அதற்கு ஊடுழவு இருந்தது. பயிர் முழங்கால் உயரம் வருமுன் அதன் ஊடே நாட்டுக் கலப்பையை ஓட்டுவார்கள். பார்ப்பவருக்குப் பயிரை அழிப்பது போலத் தோன்றும். ஆனால் கலைய வேண்டியது கலைந்து, ஓடு உடைந்து, களை சாய்ந்து, வேருக்குக் காற்றும் நீரும் கிடைக்கும். அதிக விதை என்ற செலவைச் செய்து, முளைப்பு என்ற காப்பீட்டை வாங்கினார்கள் என்று சொல்லலாம். விதைக்குப் பஞ்சம் இல்லாத ஆண்டில் அது நல்ல வாணிகம். விதைக்குப் பஞ்சம் வந்த ஆண்டில் அதுவே கொடிய வாணிகம்.

அப்படி ஓர் ஆண்டு வந்தது. அதற்கு முன் வரியைப் பற்றி ஒரு சொல். 1792-இல் திப்பு சுல்தானோடு நடந்த உடன்படிக்கையில் சேலமும் பாராமகாலும் ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்கு வந்தன. அலெக்சாந்தர் ரீட் என்ற படைத்தலைவர் நிருவாகம் ஏற்றார். தாமஸ் மன்றோ, மக்லியோட், கிரஹாம் ஆகியோர் அவர் உதவியாளர்கள். நிலங்களை அளந்து, நன்செய், புன்செய், தோட்டம் எனப் பிரித்துத் தீர்வை விதித்தார்கள். பிற்காலத்தில் சென்னை மாகாணத்தில் பரவிய இரயத்துவாரி முறை வேர்விட்டது இங்கேதான். அதன் நன்மை தீமைகளைப் பற்றி நூல்கள் பல உண்டு. விதைப்பவன் கண்ணிலிருந்து பார்த்தால் ஒன்று மட்டும் தெளிவு. தீர்வை காட்டின்மேல் விழுந்தது, முளைப்பின்மேல் அன்று. விதைப்பதம் தவறிப்போன ஆண்டிலும் கிஸ்தி நாள் தவறாமல் வந்தது.

1876-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 1877-இல் தென்மேற்கு மழையும் காலம் தாழ்ந்தது. தென்னிந்தியா முழுவதையும் வாட்டிய பெரும்பஞ்சத்தில் சேலம் மாவட்டம் மிகக் கொடிய அடி வாங்கியது. அன்றைய சேலம் மாவட்டத்தில் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அடங்கும். 1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19,66,995 பேர் இருந்தனர். 1881-இல் 15,99,595 பேர். பத்தாண்டில் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் குறைந்துபோயினர். செத்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள், பிறக்காமலே போனவர்கள் எல்லாரும் இவ்வெண்ணுக்குள் அடங்குவர்.

நாம் பேசும் பொருளுக்கு நெருக்கமான செய்தி வேறு ஒன்று. 1877 இறுதியில் மழை வந்தது. பஞ்சம் உடனே நீங்கவில்லை. தீவனமின்றி உழவுமாடுகள் மாண்டு போயிருந்தன. விதைத் தானியம் உண்ணப்பட்டுவிட்டது. பதம் வந்து நின்றது, ஏர் இல்லை. பதினாறரை மைல் நடக்கவேண்டிய கணக்கை மீண்டும் நினைத்துப் பாருங்கள். இப்போது நடக்க மாடும் இல்லை. இலண்டன் மாநகரத் தலைவர் தொடங்கிய நிதியிலிருந்து வந்த பணத்தின் ஒரு பகுதி, விதை வாங்கவும் மாடு வாங்கவும் குடியானவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. பஞ்சத்தின் வரலாற்றை 1878-இல் எழுதி வெளியிட்ட வில்லியம் டிக்பி அந்நிதிக் குழுவின் செயலாளராக இருந்தவர். மழை பெய்தாலும் மாடும் விதையும் இல்லாதவனுக்கு அது வெறும் ஈரம்தான் என்பதை அன்றைய அரசு மிகத் தாமதமாக உணர்ந்தது.

இதே ஆண்டுகளில் சென்னைக்கு அருகே சைதாப்பேட்டையில் வேறு ஒரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. 1865-இல் அங்கே அரசின் மாதிரிப் பண்ணை தொடங்கியது. டபிள்யூ. ஆர். ராபர்ட்சன் அதை நடத்தினார். 1876-இல் வேளாண்மைப் பள்ளியும் சேர்ந்தது. ஆங்கில நாட்டு இரும்புக் கலப்பைகள் அங்கே ஓட்டிக் காட்டப்பட்டன. மண்ணைப் புரட்டி, ஆழ உழுது, மாவுபோல் பொடித்து மெத்தை அமைப்பதே நல்ல வேளாண்மை என்பது அவர்கள் கொண்டு வந்த கொள்கை. குளிர்ந்த, ஈரம் மிகுந்த இங்கிலாந்தில், இளவேனிலில் வாற்கோதுமை விதைப்பவனுக்கு அது பொருத்தமே. அங்கே மழை பெரும்பாலும் தூறலாக விழும். இங்கே கோடை மழை கல்லை எறிவதுபோல் எறியும். மாவுபோல் பொடித்த செம்மண்ணின்மேல் அம்மழை விழுந்தால் என்ன நேரும் என்பதை இராசிபுரத்து முதியவர் முன்பே என் கையில் வைத்துக் காட்டிவிட்டார். நெல்லிக்காய் அளவுக் கட்டிகளைக் காட்டில் விட்டுவைத்தது சோம்பல் என்று எண்ணியவர்கள், அக்கட்டிகள்தாம் மழைத்துளியின் வேகத்தைத் தாங்கிக்கொண்டன என்பதைக் காணவில்லை.

ஆயினும் சைதாப்பேட்டையை முற்றிலும் இகழ்வதும் நேர்மை ஆகாது. ஆழ உழுதலில் நன்மை உண்டு. அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல் என்று நம் பழமொழியும் சொல்கிறது. சுக்கான் படிந்து இறுகிய அடிமண்ணை நாட்டுக் கலப்பை தொட்டும் பார்த்ததில்லை. ஆனால் அக்கலப்பைகளை இழுக்கச் சிறிய மாடுகளால் ஆகவில்லை. உடைந்தால் உள்ளூர்த் தச்சனாலும் கொல்லனாலும் சீர்செய்ய முடியவில்லை. கஞ்சமலை இரும்பைக் கொண்டு கொழு அடித்த கொல்லர்கள் வாழ்ந்த மாவட்டத்தில், கப்பலில் வந்த உறுப்புக்காகக் காத்திருக்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

1889 இறுதியில் இந்தியாவுக்கு வந்து, ஓராண்டுக்கும் மேலாகச் சுற்றி, 1893-இல் அறிக்கை வெளியிட்ட ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற வேளாண் வேதியியலார் இவ்வழக்கில் நடுநிலையான தீர்ப்புச் சொன்னவர். இந்தியக் குடியானவன் சராசரி ஆங்கில உழவனுக்குக் குறைந்தவன் அல்லன். சில வகையில் மேம்பட்டவன். அவனிடம் குறைவாக இருப்பவை எருவும் நீரும் பொருளும் என்றார். மண்ணைப் புரட்டினால் ஈரம் பறந்துபோகும் நாட்டில் ஆழம் குறைந்த கலப்பைக்கு ஒரு நியாயம் உண்டு என்பதையும் அவர் கண்டார். இன்று படித்தாலும் அவ்வறிக்கை பழமை தட்டவில்லை. கல்லூரி மாணவர்கள் வாய்ப்புக் கிடைத்தால் அதைப் புரட்டிப் பாருங்கள்.

இருபதாம் நூற்றாண்டில் காட்சி மாறியது. வேளாண்மைக் கல்வி சைதாப்பேட்டையை விட்டுக் கோயம்புத்தூருக்கு வந்தது. 1906-இல் அடிக்கல் நாட்டப்பட்ட கல்லூரி 1909-இல் திறக்கப்பட்டது. 1923-இல் அங்கே சிறுதானிய ஆய்வுக்கெனத் தனிப் பிரிவு ஏற்பட்டது, ஜி. என். ரங்கசாமி அய்யங்கார் அதன் தலைமையில் சோளம், கம்பு வகைகளை முறையாக ஆராய்ந்தார். ஆய்வாளர்கள் காட்டுக்குப் போய், அங்கே நடப்பதற்குக் காரணம் கேட்கத் தொடங்கினர். இது சிறிய மாற்றம் போலத் தோன்றும்; உண்மையில் மிகப் பெரியது.

அக்கல்லூரி 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. மானாவாரிச் சோளத்துக்கு அது வகுத்த ஒரு முறையை மட்டும் விளக்குகிறேன். மழைக்கு முன்பே, காய்ந்த புழுதியில், ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்கவேண்டும். ஏன் அந்த ஆழம்? மேலாக விதைத்தால் ஒரு தூறல் விழுந்தவுடன் விதை ஏமாந்து முளைத்துவிடும். அடுத்த மழை பத்து நாள் தள்ளினால் கருகிவிடும். ஐந்து சென்டிமீட்டருக்குக் கீழே ஈரம் எட்டவேண்டுமானால் நல்ல மழை பெய்தாகவேண்டும். ஆகவே முளைத்த பயிருக்குச் சில நாள் உணவு மண்ணிலேயே இருக்கும். விதையை முன்கூட்டியே உப்புக் கரைசலில் ஊறவைத்து, நிழலில் உலர்த்திக் ‘கடினப்படுத்தி’ விதைப்பதும் உண்டு. இதனால் பதத்தைத் துரத்தி ஓடவேண்டிய நெருக்கடியே நீங்குகிறது. பதினாறரை மைல் கணக்குக்கு இது புதுமையான விடை.

செம்மண்ணோ இவ்விடையையும் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. ஆழமாக விதைத்த முளைக்கு மேலே வரும் வழி நீளம். நல்ல மழை பெய்தால்தான் முளைக்கும். அதே நல்ல மழைதான் ஓட்டையும் கட்டும். வறட்சியிலிருந்து காக்கும் ஆழமே ஓட்டின்கீழ் சிறையாகிறது. ஆதலின் ஓடு கட்டும் மண்ணுக்குச் சுண்ணாம்பும் தொழு எருவும் மக்கிய தென்னைநார்க் கழிவும் இடுமாறு பரிந்துரைக்கிறார்கள். அவை மண்துகள்களைக் குருணையாகச் சேர்த்துப் பிடிக்கின்றன. அடிமண் இறுகிய காடுகளில் உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் ஆழக் கீறச் சொல்கிறார்கள். ஏரி வண்டலை வண்டியில் கொண்டுவந்து மணற்பாங்கான செம்மண்ணில் கொட்டுவது இவ்வட்டாரத்தின் பழைய பழக்கமே. இவற்றுள் எதுவும் ஒரே ஆண்டில் பலன் தருவதன்று. குத்தகைக்கு உழுபவன் அடுத்தவன் நிலத்தில் மூன்றாண்டு எருவைப் புதைக்கத் தயங்குவது இயல்பே.

இன்று சேலம், நாமக்கல் காடுகளில் நாட்டுக் கலப்பையைக் காண்பது அரிதாகிவிட்டது. மரவள்ளியும் மக்காச்சோளமும் பழைய சோளக்காடுகள் பலவற்றைப் பிடித்துக்கொண்டன. டிராக்டரில் பூட்டிய ஒன்பது கொக்கிக் கலப்பை ஒரு மணி நேரத்தில் முன்னாளில் ஒரு நாளில் உழுததைவிட அதிகமாக உழுகிறது. அதன் பின்னே ரோட்டவேட்டர் வந்து மண்ணை மாவாக்கிவிடுகிறது. சைதாப்பேட்டைக்காரர்கள் கண்ட கனவு நூறாண்டுக்குப் பின் வாடகை டிராக்டரின் வடிவில் வந்திருக்கிறது. ஓடும் கூடவே வந்திருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் செம்மண் காட்டில் ஒரே ஓட்டோடு ரோட்டவேட்டரை நிறுத்திவிடச் சொல்கிறார்கள். வாடகை மணிக்கணக்கில் என்பதால் அச்சொல்லைக் கேட்பதில் பணமும் மிஞ்சுகிறது.

டிராக்டரில் பூட்டும் விதைப்புக் கருவியும் வந்துவிட்டது. பெட்டியில் விதை, பற்களின் பின்னால் குழாய். மூங்கிலுக்குப் பதில் பிளாஸ்டிக். கிண்ணத்தில் சொரிந்த பெண்ணின் விரல்களுக்குப் பதில் பல் வெட்டிய ஒரு தட்டு. கொர்ருவைக் கண்ட கண்ணுக்கு அதன் அமைப்பில் புதியது அதிகம் தெரியாது. சரளைக் காட்டில் அதன் பல்லும் துள்ளத்தான் செய்கிறது. விதைத்த மூன்றாம் நாள் வேகமான மழை பெய்து வெயில் ஏறினால், அக்காட்டுக்காரர் வேலியோரத்து இலந்தை முள்ளை வெட்டிக் கட்டு கட்டி, மேலே ஒரு கல்லை ஏற்றி, முளை வெளியே வருமுன் காட்டின் குறுக்கே இழுத்துக்கொண்டு போவதை நீங்கள் இன்றும் காணலாம்.